ஆட்சி மாற்றமும் அலைக்கழிந்த வேலையும்

அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அவ்வள்ளலின் வாயிலில் ஔவையார் பரிசிலுக்காகக் காத்து நின்றதும், பரிசில் நீட்டிக்கவே வாயிற்காவலனை நோக்கிச் சினந்து பாடியதும் புறநானூற்றின் 206ஆம் பாடலாக நிலைபெற்றுவிட்டன. தொழில் கற்றவர்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்னும் துணிவோடு, தம் கலங்களைக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட ஆயத்தமாகிறார். இப்பாடலை வகுப்பில் நடத்துந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. நாவில் பாட்டும் கையில் யாழும் இல்லாத ஒருவர், பத்தாம் வகுப்புவரை படித்த படிப்பும் ஒரு நியமன ஆணையும் மட்டுமே உடைய ஒருவர், வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டால் எத்திசை செல்வார்? அதுவும் ஒருமுறையன்று, மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டால்?

இஃது ஏட்டுக் கற்பனை அன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்தோறும் நடந்தது. மக்கள் நலப் பணியாளர் என்னும் பெயரை இன்றைய மாணவருள் பலர் செய்தித்தாளில் மட்டுமே கண்டிருப்பர். அவர்தம் பெற்றோர்க்கோ அது பக்கத்து வீட்டுக் கதை. கட்சி அரசியல் வேலையை எவ்வாறு தருகிறது, தந்ததை எவ்வாறு பறிக்கிறது, பறித்தபின் அம்மனிதர் என்னவாகிறார் என்பவற்றை விளங்கிக்கொள்ள இதனினும் தெளிவான சான்று நம் மாநிலத்தில் அரிது. ஆதலின் இம்மலரில் அதனைச் சற்று விரித்துரைக்க முற்படுகிறோம். எக்கட்சிக்கும் வழக்குரைஞராக நாம் எழுதவில்லை.

ஆணைகளின் வரலாறு

1989 ஜனவரியில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வெற்றி பெற்று, கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சரானார். அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாளிட்ட அரசாணை, படித்துவிட்டு வேலையின்றி இருந்த சிற்றூர் இளைஞர்க்கு ஊராட்சிகளில் பணி வழங்கியது. மாநிலத்தின் 12,617 ஊராட்சிகளில் ஊராட்சிக்கு இருவராக 25,234 பேர் அமர்த்தப்பட்டனர். மதிப்பூதியம் மாதம் 200 ரூபாய். ஊராட்சிப் பணிகளுக்குத் துணைநிற்பதும், அரசின் நலத்திட்டங்களைக் குடிமக்களிடம் கொண்டு சேர்ப்பதும் அவர்தம் கடமை.

1991 ஜனவரி 30ஆம் நாள் அவ்வாட்சி கலைக்கப்பட்டது. தேர்தல் நடந்து, செல்வி ஜெ. ஜெயலலிதா ஜூன் 24ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஜூலை 13ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது. 25,000 பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

1996இல் மீண்டும் தி.மு.க. ஆட்சி. 1997 பிப்ரவரி 24ஆம் நாள் திட்டம் உயிர்பெற்றது. 2001 மே 14ஆம் நாள் ஆட்சி மாறியது. ஜூன் 1ஆம் நாள் திட்டம் மறைந்தது. 2006 மே 13ஆம் நாள் மீண்டும் மாற்றம். ஜூன் 12ஆம் நாள் மீண்டும் நியமனம். 2011 மே 16ஆம் நாள் அ.தி.மு.க. பொறுப்பேற்றது, நவம்பர் 8ஆம் நாள் ஏறத்தாழ 13,500 பேர் ஒரே ஆணையில் நீக்கப்பட்டனர்.

இந்நாட்களைச் சற்று ஒப்புநோக்குக. முதல் நீக்கம் ஆட்சியேறிய பத்தொன்பதாம் நாள். இரண்டாவது நீக்கம் பதினெட்டாம் நாள். மாநிலம் முழுவதும் பரவியிருந்த ஒரு திட்டத்தை ஆராய்ந்து, பயனுடையதா இல்லையா எனத் துணிய அவ்விடைவெளி போதாது. ஆராய்ச்சி தேவைப்படவும் இல்லை. அத்திட்டம் யாருடையது என்பதே போதுமானதாக இருந்தது. 2006இல் முப்பது நாட்களுக்குள் அது திரும்பி வந்ததற்கும் இதே விளக்கம் பொருந்தும். நீக்கியதைப் போலவே சேர்த்ததும் விரைவாகத்தான் நடந்தது.

மூன்று பணிக்காலங்களையும் கூட்டிப் பார்ப்போம். முதலாவது ஓராண்டு பத்து மாதம், இரண்டாவது நான்காண்டு மூன்று மாதம், மூன்றாவது ஐந்தாண்டு ஐந்து மாதம். ஆகப் பதினொன்றரை ஆண்டு. 1989 செப்டம்பரிலிருந்து, இவர்களுக்கு நான்காம் முறையாகப் பணி கிடைத்த 2022 ஜூலை வரை கணக்கிட்டால் ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டு. இடையில் இருபத்தோராண்டுக்கு மேல் அவர்கள் முன்னாள் பணியாளர்கள். உலகில் முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் உறுப்பினர் உண்டு. 'முன்னாள் மக்கள் நலப் பணியாளர்' என்று ஓர் இனத்தையே உருவாக்கிய பெருமை நம் மாநிலத்துக்கே உரியது.

தருமபுரியில் அந்த இழப்பின் அளவு

2011இல் தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள் இருந்தன. 1989இன் கணக்குப்படி ஊராட்சிக்கு இருவர் எனக் கொண்டால் ஐந்நூறு குடும்பங்கள். அன்று கிருட்டிணகிரிப் பகுதியும் இம்மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. அதையும் கூட்டினால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். சென்னைக்கு ஆயிரம் வேலை பெரிதன்று. தருமபுரிக்கு அது பெரிது.

ஏன் பெரிது என்பதை வெளியூர் மாணவர்க்காகச் சொல்ல வேண்டும். இம்மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, சாமை, புளி, மா, பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி என்று மழையையும் சந்தை விலையையும் நம்பிய வாழ்க்கை. பெருந்தொழில் என்று சொல்ல ஓசூர்ச் சிப்காட் இருந்தது. 2004 பிப்ரவரி 9ஆம் நாள் கிருட்டிணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனுடன் சென்றுவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு; மாநிலத்திலேயே கடைசி இடம். இத்தகைய மாவட்டத்தில் தன் ஊரிலேயே தங்கி, மாதந்தோறும் ஊதியம் பெறும் வேலை எத்துணை அரிது என்பதைப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகளே சொல்லும். கட்டடப் பணிக்கென்று குடும்பத்தோடு ஊர் பெயர்வது இங்கே பஞ்ச காலத்துச் செய்தியன்று, ஆண்டுதோறும் நிகழ்வது.

1989இல் இருபது வயதுடைய ஓர் இளைஞரைப் பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிறுத்திப் பார்ப்போம். இருநூறு ரூபாய் அன்றும் பெருந்தொகை அன்று. எனினும் 'அரசு வேலை' என்னும் சொல்லுக்குச் சிற்றூரில் தனி மதிப்பு உண்டு. அச்சொல்லை நம்பிப் பெண் கொடுப்பர், கடன் கொடுப்பர், தம்பியை மேற்படிப்புக்கு அனுப்பத் துணிவர். இருபத்திரண்டாம் வயதில் அவர் வேலை போகிறது. வாங்கிய கடன் போவதில்லை. பெங்களூருக்குச் சென்று கட்டட வேலையில் அமர்கிறார். ஐந்தாறு ஆண்டில் கைத்தொழில் படிந்து, கொத்தனாராகும் நேரத்தில், 1997இல் அரசு அழைக்கிறது. இருபத்தெட்டு வயதில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். முப்பத்திரண்டாம் வயதில் மறுபடியும் வெளியேற்றம். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் அரசு புதிய பணிநியமனங்களுக்கே தடை விதித்து ஆணையிட்டது. அது விலகிய காலத்திலோ, போட்டித் தேர்வெழுதும் வயது வரம்பைப் பலர் கடந்திருந்தனர். 2006இல் மூன்றாம் அழைப்பு, வயது முப்பத்தேழு. 2011இல் நாற்பத்திரண்டாம் வயதில் மூன்றாம் வெளியேற்றம். பெற்ற மகள் பருவமெய்தி நிற்கும் வயது அது.

பெண் பணியாளரின் நிலை இதனினும் கடிது. ஆண்மகன் பேருந்தேறிவிடலாம். கைக்குழந்தையும் மாமியாரும் கறவை மாடும் உடைய பெண் எங்கே செல்வார்? மூன்றாம் பணிக்காலத்தில் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் இம்மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஊராட்சி அலுவலராய் ஊரார் வணங்கி நின்ற ஒருவர், நீக்கத்துக்குப்பின் அதே ஊராரோடு மண்வெட்டி எடுத்து ஏரிக்கரையில் நிற்க நேர்ந்திருக்கும். உழைப்பில் இழிவில்லை, ஆயின் ஊர்ப்பார்வையில் அந்த இறக்கம் எத்துணைக் கூர்மையானது என்பதை ஊரில் வாழ்ந்தோர் அறிவர்.

பொருளியல் நூல்கள் வேலையின்மையைப் பல வகையாகப் பிரிக்கும்: பருவகால வேலையின்மை, மறைமுக வேலையின்மை, அமைப்புசார் வேலையின்மை. நாம் இங்குக் காண்பது தேர்தல்கால வேலையின்மை. ஏனையவற்றினும் இது தீயது என்பது நம் துணிபு. வேலை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் வேறு வழி தேடுவார், தொழில் கற்பார், கடை வைப்பார். அடுத்த தேர்தலில் வேலை திரும்பும் என்று நம்புகின்றவரோ காத்திருப்பார். வேலை தந்த கட்சி தோற்றால் ஐந்தாண்டு, மீண்டும் தோற்றால் பத்தாண்டு. 2011இல் நீக்கப்பட்டோர் அவ்வாறுதான் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தனர். 2016 தேர்தலில் ஆட்சி மாறவில்லை. அக்காத்திருப்பில் ஒருவருடைய வாக்குரிமையும் பணயமாகிவிடுகிறது. தம் வயிறு ஒரு கட்சியின் வெற்றியோடு கட்டப்பட்டபின், அக்கட்சி நல்லாட்சி நடத்தியதா என்று அவர் எண்ணிப் பார்ப்பது எங்ஙனம்?

ஒரே ஊரில் மூவர்

ஆட்சி மாறினால் எல்லா வேலையும் போய்விடுவதில்லை. மக்கள் நலப் பணியாளர் இருந்த அதே ஊரில் கிராம நிர்வாக அலுவலர் இருந்தார். சத்துணவு அமைப்பாளர் இருந்தார். அவ்விருவரையும் எந்த ஆட்சியும் கூட்டத்தோடு வெளியேற்றவில்லை. ஏன் என்று கேட்டால் நம் பொருளின் மையத்தை அடைந்துவிடலாம்.

கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கும் ஒரு நீக்க வரலாறு உண்டு. வழிவழியாக இருந்து வந்த கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை 1980 நவம்பர் 14ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பதவியை ஒழிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1982இல் தீர்ப்பாயிற்று. நீக்கப்பட்டோர்க்கு அது பேரிடியே. ஆயினும் அவ்விடத்தில் உருவான புதிய பதவிக்கு விதிகள் வகுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வே வாயிலாயிற்று. தேர்வெழுதி வந்தவரை 'அவர் ஆள்' என்றோ 'இவர் ஆள்' என்றோ சுட்ட இயலாது. எம்.ஜி.ஆர். காலத்துப் பதவி கலைஞர் காலத்திலும் நின்றது. செல்வி ஜெயலலிதா காலத்திலும் நின்றது.

சத்துணவு அமைப்பாளரைக் காத்தது வேறொன்று. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை 1989இல் வந்த தி.மு.க. அரசு நிறுத்தவில்லை, முட்டையைச் சேர்த்து வளர்த்தது. உண்ணும் குழந்தையின் தட்டைத் தட்டிவிட எந்தக் கட்சிக்கும் துணிவு வராது. மக்கள் அத்திட்டத்தைத் தமதென்று பற்றிக்கொண்டனர். அந்தப் பற்றே பணியாளர்க்கும் அரணாயிற்று.

மக்கள் நலப் பணியாளர்க்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. தேர்வாணையத்தின் வழியே அவர்கள் வரவில்லை. நிரந்தரப் பணியிடமும் பணிவிதிகளும் அவர்க்கு வகுக்கப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் விதி வகுத்து, நிரந்தரப் பணியிடத்தில் அமர்த்தப்பட்டவர்க்கு 311ஆம் பிரிவின் காப்பு உண்டு. காரணம் கூறாமல், விளக்கம் கேளாமல் அவரை வெளியேற்ற இயலாது. திட்டத்தை நம்பி மதிப்பூதியத்தில் வந்தவர்க்கு அக்காப்பு இல்லை. திட்டம் போனால் அவரும் போனார். ஊர்மக்களும், 'இவர் வந்தபின் நமக்கு இன்னது கிடைத்தது' என்று விரல் மடக்கிச் சொல்லத்தக்க ஒன்றைத் தெளிவாகப் பெறவில்லை. ஆதலின் அவர் நீக்கப்பட்டபோது அவர்தம் குடும்பத்தார் அழுதனர், ஊர் அழவில்லை.

பழி யாருடையது?

கட்சித் தொண்டர்க்குக் கைம்மாறாகத் தரப்பட்ட பதவிகள் இவை என்றனர் ஒரு சாரார். ஏழைகளின் வயிற்றில் அடித்த பழிவாங்கல் என்றனர் மறு சாரார். இருவர் கூற்றையும் ஒருகணம் ஏற்றுக்கொண்டே சிந்திப்போம்.

நியமனத்தில் கட்சிச் சார்பு கலந்திருந்தது என்றே கொள்வோம். அதற்கு மருந்து, தகுதியற்றவரை ஒவ்வொருவராக ஆராய்ந்து விலக்குவதன்றோ? 13,500 பேரும் ஒரே தவற்றினராய் இருத்தல் கூடுமா? கதிரும் களையும் கலந்த வயலைத் தீயிட்டுக் கொளுத்தியவரை நாம் உழவர் என்பதில்லை. இது நீக்கியவர் பால் உள்ள குறை.

தந்தவர் பால் உள்ள குறை இதனினும் சிறியதன்று. ஆனால் மேடைகளில் அது பேசப்படுவதில்லை. 1991இல் ஒருமுறை பட்டறிவு கிடைத்தபின், 1997இல் மீண்டும் அதே ஆட்களை அதே வேரற்ற முறையில் அமர்த்தியது ஏன்? நான்காண்டு மூன்று மாதமும், பிறகு ஐந்தாண்டு ஐந்து மாதமும் கையில் இருந்தன. பணியிடங்களை விதிப்படி உருவாக்கி, உரிய தேர்வு நடத்தி, இருந்தோர்க்கு வயதுத் தளர்வும் முன்னுரிமையும் தந்திருந்தால் 2011இன் ஓர் ஆணை அவர்களை அசைத்திருக்காது. வேரோடு நட்டிருந்தால் நிழல் தந்தவர் பெயர் மரத்தோடு மறைந்துபோகும். தொட்டியில் வைத்தால் ஒவ்வொரு தேர்தலிலும் எடுத்துக் காட்டலாம். நம் ஐயம் கடுமையானதாகத் தோன்றலாம். எனினும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

இதே காலத்தில் வேறு நிகழ்வுகளும் உண்டு. 1997இல் நெடுஞ்சாலைத் துறையில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர் அமர்த்தப்பட்டு, 2002 செப்டம்பரில் நீக்கப்பட்டு, 2006 பிப்ரவரியில் நீக்கிய அரசாலேயே திரும்ப அழைக்கப்பட்டனர். சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது மூன்று மாதமே இருந்தது. இடைப்பட்ட நாற்பத்தொரு மாதத்தைப் பணிக்காலமாகக் கொள்ள வேண்டும் என்று பின்னர் நெடுங்காலம் அவர்கள் போராட நேர்ந்தது. நீக்குவது ஒரு கட்சிக்கே உரிய வழக்கம் என்றும் எண்ண வேண்டா. 2020 டிசம்பரில் அ.தி.மு.க. அரசு 2,000 அம்மா மினி கிளினிக்குகளை அறிவித்துத் திறந்தது. 2022 ஜனவரியில் தி.மு.க. அரசு அவை மூடப்பட்டதாக அறிவித்தது. தற்காலிகமாக அமர்த்தப்பட்ட மருத்துவர்க்கு அவ்வேலை தொடரவில்லை.

மாறாக, 2003 முதல் அ.தி.மு.க. ஆட்சியில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட பல்லாயிரம் ஆசிரியரை, 2006இல் வந்த தி.மு.க. அரசு வெளியேற்றவில்லை, அவ்வாண்டு ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்கு மாற்றியது. பள்ளியில் பணியிடம் இருந்தது. தேர்வு முறை இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் இருந்தனர். அடித்தளம் இருந்த இடத்தில் அரசியல் காற்று அடித்தும் சுவர் விழவில்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 1829இல் ஆண்ட்ரு ஜாக்சன் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானபின், வென்ற கட்சியே அரசுப் பதவிகளைத் தன் ஆட்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் வேரூன்றியது. போரில் வென்றவன் கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதோடு ஒப்பிட்டே அம்முறைக்குப் பெயரும் வழங்கலாயிற்று. தலைவர் மாறும்போதெல்லாம் அஞ்சலகப் பணியாளரும் சுங்க அலுவலரும் மாறினர். 1881 ஜூலை 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ, தேர்தலில் உழைத்ததற்குக் கைம்மாறாகத் தூதரகப் பதவி கேட்டுக் கிடைக்காதவன். செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு மறைந்தார். 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் நிறைவேறி, அரசுப் பணியின் ஒரு பகுதிக்குத் தேர்வு முறை வந்தது. பதவியைத் தகுதிக்கு உரியதாக்க அந்நாடு ஒரு தலைவரைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது.

நம் சென்னை மாகாணமோ 1929இலேயே சட்டமியற்றிப் பணியாளர் தேர்வாணையம் கண்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். அத்தகைய முன்னோடி மாநிலத்தில் தேர்வாணையத்தைச் சுற்றிக்கொண்டு செல்லும் பின்வாசல்கள் பிற்காலத்தில் பெருகியது வருந்தத்தக்கது. திட்டப் பணியாளர், மதிப்பூதியப் பணியாளர், தொகுப்பூதியப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், புறத்திறன் முகமைப் பணியாளர் என்று பெயர்கள் மாறும், வேரின்மை மாறாது. 2006 ஏப்ரல் 10ஆம் நாள் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வின்றி வந்த தற்காலிகப் பணியாளர் நிரந்தரம் கோர உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. பின்வாசலை அடைப்பதே அதன் நோக்கம். ஆனால் பின்வாசலைத் திறந்து வைத்தவர் எவரும் அதனால் துன்புறவில்லை. நுழைந்தவரே வெளியில் நின்றனர்.

பரிந்துரைக் கடிதமும் அமானிதமும்

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியவர்களிடமும் ஒரு சொல். ஆட்சி மாறிய மறுவாரமே நம் தெருக்களிலும் ஒரு நடமாட்டம் தொடங்குகிறது. 'மாவட்டச் செயலாளர் நமக்கு வேண்டியவர். பையனுக்கு ஏதேனும் ஒரு தற்காலிக வேலை வாங்கித் தரலாம்' என்று நல்லெண்ணத்தோடு சான்றிதழ் நகல்களைக் கையில் ஏந்திச் செல்வோர் உண்டு. அவர்தம் அன்பில் நமக்கு ஐயமில்லை. தோழர் அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பொன்று கேட்டபோது, அஃது ஓர் அமானிதம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்து மறுத்ததை நாம் ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். நெருக்கமானவர் என்பதற்காக அன்று பதவி தரப்படவில்லை. திருவள்ளுவரும் 'தெரிந்து வினையாடல்' என்றோர் அதிகாரமே வகுத்து, ஆளை ஆராய்ந்து அமர்த்துவதையும், அமர்த்தியபின் அவனை நம்பிப் பணியை ஒப்படைப்பதையும் ஒருசேரப் பேசுகிறார். ஆராயாமல் அமர்த்துவதும் ஆராயாமல் நீக்குவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள் என்பதற்கு இவ்விரு மரபும் சான்று.

மாணவர்க்குச் சொல்ல வேண்டியது இதனினும் நேரானது. தருமபுரியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நம் வகுப்புகளுக்கு வருவோர் பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வேலை என்று எவர் ஒரு தாளை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் வீடு இருக்கும். வாங்க வேண்டா என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அத்தாளைப் படித்துப் பார்க்கலாம். அரசாணை எண் உண்டா? பணியிடம் முறைப்படி ஏற்படுத்தப்பட்டதா, அல்லது திட்டக் காலம் வரைதானா? எவ்விதியின்கீழ் நியமனம்? 'முன்னறிவிப்பின்றி நீக்கப்படலாம்' என்னும் வரி எத்தனையாம் பத்தியில் உள்ளது? அவ்வரி இருந்தால் பகலில் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இரவில் தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்பதே அறிவுடைமை. 1989இல் ஆணை பெற்றவர்க்கு இதை எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை.

நான்காம் அழைப்பு

2011 நீக்கத்தை எதிர்த்த வழக்கு நெடியது. 2012 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நீக்கம் செல்லாது என்றார். மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2014 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற அமர்வு, காலியிடங்களில் இவர்களுக்குப் பணி தர ஆணையிட்டது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் ஆண்டுகள் ஓடின. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பலர் இறந்தனர்.

2021இல் ஆட்சி மாறியது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மறுநியமனத்தை அறிவித்தார். ஜூன் 7ஆம் நாள் அரசாணை வெளிவந்தது. ஜூலை 1 முதல் பணி. இம்முறை பெயர் வேறு: வேலை உறுதித் திட்டப் பணி ஒருங்கிணைப்பாளர். மதிப்பூதியம் 7,500 ரூபாய். அதில் 5,000 ரூபாய் வேலை உறுதித் திட்டக் கணக்கிலிருந்து. 2,500 ரூபாய் ஊராட்சியின் பிற பணிகளுக்காக. 2023 ஏப்ரல் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வேற்பாட்டை ஏற்றுக்கொண்டு, அதுவரை பணியில் சேராதவரும் சேர வாய்ப்பளித்து வழக்கை முடித்தது. ஆட்சி மாற்றத்தால் அலைக்கழிந்தோர்க்கு ஏதோ ஓர் ஊன்றுகோல் கிடைத்தது என்று மகிழ்ந்தோர் பலர். பழைய பணிக்காலத்துக்கு என்ன மதிப்பு, ஓய்வூதியம் உண்டா என்று கேட்டோரும் பலர்.

இம்முறையும் அது நிரந்தரப் பணியிடம் அன்று. பிறிதொரு திட்டத்தின் தோளில் ஏற்றி வைத்த வேலையே. பென்னாகரம் வட்டத்தில் நாம் நிறுத்திப் பார்த்த அவ்விளைஞருக்கு 2022இல் வயது ஐம்பத்து மூன்று. அரசுப் பணியின் ஓய்வு வயதான 60ஐ அளவாகக் கொண்டால் அவர்க்கு எஞ்சியிருந்தது ஏழாண்டு. அதற்குள் 2026இல் ஒரு சட்டமன்றத் தேர்தலும் வரவிருந்தது.